வடத்துக்குக் கஞ்சி போட்டவர்கள் நாங்கள்

அனுப்புநர்:
கு. கங்கையம்மாள்,
(கணவர் குமாரசாமி, பட்டு நெசவு),
நெசவாளர் தெரு, மணல்மேட்டுப்புதூர்,
பாலாற்றுத் தென்கரை, காஞ்சிபுரம் வழி,
செங்கற்பட்டு மாவட்டம்.
(ஊரார் அனைவரின் சார்பாகவும்)

பெறுநர்:
உயர்திரு ஆணையாளர் அவர்கள்,
தென்கரை ஊராட்சி ஒன்றியம்,
முகாம்: பெரிய காஞ்சிபுரம்.

பொருள்: எங்கள் ஊருக்குப் படகு அளித்தமைக்கு நன்றி தெரிவித்தலும், அந்தப் படகு ஆற்றோடு போனதற்குப் படகோட்டி திரு. தேவசகாயம் அவர்கள் காரணம் அல்ல என்று தெரிவித்தலும், அவரைத் திரும்ப வேலையில் அமர்த்தக் கோருதலும்.

பார்வை: மேற்படியாரை வேலையிலிருந்து நீக்கியும், எங்கள் துறையில் படகுப் போக்குவரத்தை நிறுத்தியும் தங்கள் அலுவலகம் ஐப்பசிக் கடைசியில் அனுப்பிய குறிப்பாணை.

மதிப்பிற்குரிய ஐயா,

1. முதலில் நன்றியைச் சொல்லிவிடுகிறேன். புகாரை எழுதிவிட்டு நன்றியைக் கடைசியில் ஒட்டவைத்தால், காரியம் ஆவதற்காகச் சொன்ன நன்றி என்று ஆகிவிடும். எங்கள் ஊருக்குப் படகு கொடுத்தவர் தாங்கள். தங்களுக்கு முன்னால் அந்த நாற்காலியில் இருந்தவர்கள் எங்களுக்குக் கொடுத்தது பதில் மட்டுமே. தாங்களும் தங்கள் குடும்பமும் நன்றாக இருக்க வேண்டும் என்று எங்கள் தெருவில் விளக்கு வைக்கும்போது சொல்லாத வீடு கிடையாது. இது முகஸ்துதி இல்லை. முகஸ்துதி செய்ய வருமென்றால் எங்களுக்கு எப்போதோ படகு வந்திருக்கும்.

இந்த மனுவை நானே எழுதுகிறேன். தாலுகா கச்சேரி வாசலில் உட்கார்ந்து மனு எழுதுகிறவர் எழுதினால் எல்லா ஊர் மனுவும் ஒரே மாதிரி இருக்கும். எட்டாவது வரை படித்த தைரியத்தில் எழுதுகிறேன். இதில் பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ள வேண்டும். கோபம் இருந்தால் அதையும்.

2. எங்கள் ஊரைப் பற்றித் தங்களுக்குத் தெரியும். ஆனால் இந்த மனு தங்கள் கைக்கு வருமுன் பல கைகள் மாறும் என்பதால் சொல்லிவைக்கிறேன். நாங்கள் பாலாற்றுக்குத் தெற்கே இருக்கிறோம். தறிக்கு வேண்டிய பாவு நூலும் சரிகையும் வடக்கே காஞ்சிபுரத்தில் இருக்கின்றன. பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி, ரேஷன் கடை எல்லாமே அந்தப் பக்கம்தான். கோடையில் ஆற்றைச் செருப்பில்லாமல் கடக்க முடியாது, அவ்வளவு சூடு. ஐப்பசி, கார்த்திகையில் செருப்போடு கடக்க முடியாது, அவ்வளவு தண்ணீர். தென்கரையை ஒட்டி ஆழமாக ஓடும் நீர்க்கால், நாங்கள் ஆழக்கால் என்போம், அதுதான் எங்களுக்கு எமன். அதைத் தாண்டி நடு மணல் திட்டில் ஏறிவிட்டால் பிறகு முழங்கால் தண்ணீர்தான், நடந்தே போய்விடலாம். பாலம் இருக்கும் இடத்துக்குச் சுற்றிக்கொண்டு போனால் ஒரு பகல் போய்விடும். மழை பெய்தால் அந்த வழியிலுள்ள ஓடையும் மறித்துக்கொள்ளும்.

படகு வேண்டும் என்று நாங்கள் மனுக் கொடுக்கும் போதெல்லாம் யாராவது பார்வையிட வருவார்கள். அவர்கள் வருவது சித்திரை, வைகாசியில். ஜீப்பை வடகரையில் நிறுத்திவிட்டு, குடை பிடித்துக்கொண்டு மணலில் நடந்து வருவார்கள். எங்கள் வீட்டில் மோர் குடிப்பார்கள். திரும்பிப் போய், "மேற்படி இடத்தில் ஆறு இருந்தும் நீர் இல்லை, படகு தேவையற்றது" என்று எழுதிவிடுவார்கள். ஐயா, சித்திரையில் வந்து பார்த்தால் பாலாற்றில் மணல் இல்லாமல் வேறு என்ன இருக்கும்?

குத்தகை ஓடம் ஒன்று பேருக்கு இருந்தது. குத்தகைக்காரரின் ஆள் வடகரையிலேயே அதைக் கட்டிவைத்திருப்பார். நாங்கள் இந்தக் கரையில் நின்று தொண்டை கிழியக் கத்தினால், "இருங்கம்மா, இன்னும் நாலு பேரு வந்துக்கினு இருக்காங்க, சேத்து இட்டுக்கினு போறேன்" என்று பதில் குரல் வரும். அந்த நாலு பேர் யார் என்று இன்றுவரை எங்களுக்குத் தெரியாது. ஓடத்தில் ஏறினாலோ, பாதிப் பேர் உட்கார்ந்திருக்க மீதிப் பேர் கொட்டாங்கச்சியால் தண்ணீர் இறைக்க வேண்டும். புடவை மூட்டையை மடியில் வைப்பதா, தலையில் வைப்பதா என்று புரியாமல் நான் அழுத நாட்கள் உண்டு. பட்டில் ஆற்றுத் தண்ணீர் பட்டால் சாயம் கசிந்து கறையாகும். பாவு கொடுத்த பட்டு முதலாளி விரித்துப் பார்த்துவிட்டு, "இதை எவன் வாங்குவான்?" என்று திருப்பித் தந்துவிடுவார். வீடே உட்கார்ந்து நெய்த புடவை அது.

3. சென்ற ஆண்டு கார்த்திகையில் தாங்கள் வந்தீர்கள். மழைக்காலத்தில் எங்கள் ஊருக்கு வந்த முதல் அதிகாரி தாங்கள்தான். வரும்போது குத்தகை ஓடம் தங்களைக் கொண்டுவந்து விட்டது. திரும்பும்போது ஓடத்தைக் காணோம், ஆள் சாப்பிடப் போய்விட்டார். தாங்கள் பொழுது சாயும்வரை எங்கள் கரையிலேயே உட்கார்ந்திருந்து, நான் கொடுத்த கேழ்வரகுக் கூழைக் குடித்தீர்கள். அப்போது தங்களுக்கு வந்த கோபத்தை நான் பார்த்தேன். மன்னிக்க வேண்டும், எனக்கு உள்ளூர ஒரே சந்தோஷம். எங்கள் கோபம் இவருக்கும் வந்துவிட்டது, இனி ஏதாவது நடக்கும் என்று நினைத்தேன்.

கடைசியில் தாங்கள் நீரில் இறங்கியே போனீர்கள். கோப்புகளைத் தலையில் வைத்துக் கட்டி, தங்கள் கையைப் பிடித்து ஆழக்காலைத் தாண்டவைத்தவர்தான் இந்தத் தேவசகாயம். அப்போது அவர் கீழத்தெருவில் கூலிக்குப் போய்க்கொண்டிருந்தவர். திட்டில் ஏறியதும் தாங்கள் திரும்பி நின்று, "படகு வரும். அதை ஓட்ட இந்த ஆள்தான் வேணும்" என்று சத்தமாகச் சொன்னீர்கள். இந்தக் கரை வரை கேட்டது. அதிகாரி சொன்ன ஒரு சொல் ஆற்றைத் தாண்டி எங்கள் ஊருக்கு வந்தது அதுதான் முதல் தடவை.

4. சொன்னபடியே இந்த ஆவணியில் படகு வந்தது. தட்டையான அடிப்பாகம், நீலச் சாயம், ஒழுகாத பலகை. திட்டில் ஒரு முளை, எங்கள் கரையில் ஒரு முளை, இரண்டுக்கும் குறுக்கே கட்ட ஒரு சணல் வடம். வடத்தைக் கையால் பிடித்து இழுத்துக்கொண்டே போனால் படகு தானாக வரும். தேவசகாயம் எங்கள் கரையிலேயே குடிசை போட்டுக்கொண்டார். ஒருவர் வந்து நின்றாலும் எடுப்பார். "தனியா வந்தா என்னாம்மா, ஆத்துக்கு ஆள் கணக்கா தெரியுது?" என்பார்.

அந்தச் சில வாரங்களில் எங்கள் ஊர் எப்படி மாறியது என்று சொல்ல வேண்டும். தீபாவளிப் புடவைகள் ஒன்றுகூட நனையாமல் போய்ச் சேர்ந்தன. கார்த்திகை முகூர்த்தத்துக்கென்று முதலாளிகள் தாங்களாகவே பாவு கொடுத்தனுப்பினார்கள். கீழத்தெரு மரியம்மாள் தன் பெண்ணை மழை நாளிலும் பள்ளிக்கு அனுப்பினாள். தபால்காரர் வடகரையில் விசில் அடித்துவிட்டுத் திரும்பிப் போகாமல், ஊருக்குள் வந்து கதவைத் தட்டினார். அன்று என் மாமியார் பயந்தே போனார், போலீஸ் என்று நினைத்துவிட்டார்.

5. இனி எழுதப்போவதைத் தயவுசெய்து இரண்டு முறை படிக்கும்படி கேட்டுக்கொள்கிறேன்.

வடம் வந்தபோது தொளதொளவென்று, நார் பிரிந்து, பஞ்சு பஞ்சாக இருந்தது. நாங்கள் நெசவுக்காரர்கள். எங்கள் கைக்கு எது நீளமாக வந்தாலும் அது பாவுதான். பாவு என்றால் தறியில் ஏற்றுமுன் தெருவில் நீளவாக்கில் விரித்து, சோற்றுக் கஞ்சி காட்டி, வெயிலில் காயவைப்போம். அப்போதுதான் இழை விறைத்து நிற்கும், அறுபடாது. பட்டுக்கே அப்படி என்றால் அரசாங்கம் கொடுத்த வடத்துக்கு எவ்வளவு செய்ய வேண்டும்! தெரு முழுக்கக் கூடி, பாவுக் கால்களை நட்டு, வடத்தை இழுத்துக் கட்டினோம். வீட்டுக்கு ஒரு குண்டான் கஞ்சி வந்தது. என் கணவர்தான் முன்னால் நின்று தேய்த்தார். நான் இரண்டு முனையிலும் மஞ்சளும் குங்குமமும் வைத்தேன். காய்ந்த பிறகு வடம் மூங்கில் கழி மாதிரி நின்றது. தேவசகாயம் வந்து தொட்டுப் பார்த்து, "அடேயப்பா, கல்யாணத்துக்கு ரெடி ஆன மாதிரி இருக்குதே" என்றார். எல்லாரும் சிரித்தோம். அவர் போடச் சொல்லவில்லை. அவரை நாங்கள் கேட்கவும் இல்லை.

6. எங்கள் தெருவில் பரமசிவம் என்பவரிடம் ஓர் எருமை இருக்கிறது. அது தினம் காலையில் எங்கள் கரை முளையருகே போய் நிற்க ஆரம்பித்தது. நீரில் கிடந்த வடத்தில் கஞ்சி கரைந்துவிட்டது. முளையைச் சுற்றிக் கரையில் இருந்த பகுதியில் மட்டும் கரையவில்லை. எருமை அதை நக்கியது. நக்கி நக்கி, பிறகு மெல்லவும் தொடங்கியது. நாங்கள் பார்த்துக்கொண்டுதான் இருந்தோம். "என் எருமைக்குக்கூட அந்த ஆபீசர் மேல நன்றி இருக்குது பாரு, தினமும் போய் நிக்குது" என்று பரமசிவம் பெருமை பேசினார். நாங்களும் ஆமாம் போட்டோம். இத்தனை நன்றி ஓர் ஊருக்கு ஆகாது என்று இப்போது தெரிகிறது.

7. தீபாவளி கழிந்த வாரம் மேற்கே பெய்த மழையில் ஆறு திடீரென்று பெருகியது. அன்று காலை படகில் நான் இருந்தேன். என்னுடன் மரியம்மாளும் அவள் பெண்ணும், அலமு என்ற பிள்ளைத்தாய்ச்சியும், இன்னும் சில பெண்களும் இருந்தார்கள். என் மடியில் முகூர்த்தப் புடவை மூட்டை. பாதி ஆழக்கால் போயிருப்போம், எங்கள் கரைப் பக்கம் சடாரென்று ஒரு சத்தம். எருமை மென்ற இடத்தில் வடம் அறுந்துவிட்டது. படகு ஒரு பக்கமாகத் திரும்பிக்கொண்டு கிழக்கே ஓடியது. என் பெயர்தான் கங்கை, எனக்கு நீந்தத் தெரியாது. "ஐயோ, போச்சு போச்சு" என்று கத்தியதுதான் எனக்கு நினைவிருக்கிறது.

தேவசகாயம் படகின் முன்கயிற்றை இடுப்பில் கட்டிக்கொண்டு குதித்தார். திட்டின் கீழ்க்கோடியில் கால் ஊன்றி, படகை நெஞ்சில் தாங்கி நிறுத்தினார். "யாரும் எழுந்திருக்காதீங்கம்மா, ஒவ்வொருத்தரா வாங்க" என்றார். முதலில் அலமுவை, பிறகு மரியம்மாளின் பெண்ணை, பிறகு எங்களை ஒவ்வொருவராகத் தோளில் ஏற்றித் திட்டில் விட்டார். கடைசியாக என்னை. நான் மூட்டையை விடாமல் பிடித்திருந்தேன். அவர் அதை வாங்கித் தன் தலையில் வைத்துக்கொண்டார். என்னை இறக்கிவிட்டுத் திரும்புவதற்குள், கட்டியிருந்த கயிறு அவிழ்ந்து படகு போய்விட்டது. அவர் இடுப்பில் அந்தக் கயிறு அறுத்த புண் இன்னும் ஆறவில்லை.

எங்களில் ஒருவருக்கும் ஒன்றும் ஆகவில்லை. புடவையில் ஒரு சொட்டுத் தண்ணீர் படவில்லை. தங்கள் அலுவலகக் குறிப்பாணையிலோ, "அரசு உடைமையைப் பாதுகாக்கத் தவறியவர்" என்று எழுதியிருக்கிறது. ஐயா, படகையா எங்களையா என்று வந்தபோது அவர் எங்களைப் பிடித்துக்கொண்டு படகை விட்டார். அது குற்றம் என்றால் அந்தக் குற்றத்தில் பிழைத்தவள் இதை எழுதுகிறேன்.

8. அவரிடம் விளக்கம் கேட்டு எழுதி வாங்கியதாக அறிகிறேன். அலுவலகத்தில் யாரோ எழுத, இவர் கையெழுத்துப் போட்டிருக்கிறார். அவருக்குப் பெயர் எழுதத் தெரியும், படிக்கத் தெரியாது. "வடம் என் கவனக்குறைவால் அறுந்தது" என்று அதில் இருக்கிறதாம். கஞ்சியைப் பற்றியும் எருமையைப் பற்றியும் ஒரு வார்த்தை இல்லை. இதைக் கேட்டதும் நான் நேரே அவர் குடிசைக்குப் போய்ச் சத்தம் போட்டேன். "ஏன்யா, உனக்கு வாய் இல்லையா? நாங்கதான் போட்டோம்னு சொல்றதுக்கு என்ன?" என்றேன். அவர் தலையைக் குனிந்துகொண்டு, "ஊரு மேல பழி வந்தா அடுத்த படகு வராதும்மா. ஆள் போனா வேற ஆளு வருவான். படகு போனா யாரு தருவாங்க?" என்றார்.

எனக்கு அழுகை வந்துவிட்டது. அதை இங்கே எழுதக் கூடாதுதான். எழுதிவிட்டேன்.

9. ஆகவே எங்கள் வேண்டுகோள்கள்:

வடத்துக்குக் கஞ்சி போட்டவர்கள் நாங்கள் என்று ஊரார் எல்லாரும் கீழே கையெழுத்தும் கைநாட்டும் வைத்திருக்கிறோம். பரமசிவமும் வைத்திருக்கிறார், எருமை சார்பாகவும் சேர்த்து. அபராதமோ கண்டனமோ எதுவானாலும் எங்கள் பேருக்குப் போடவும்.

தேவசகாயம் அவர்களின் வேலை நீக்கத்தை ரத்து செய்து, அவர் மீது எழுதியதை அடித்துவிடவும். வேறு ஆள் வேண்டாம். மூன்று தலைமுறையாக வேறு ஆட்களைப் பார்த்தவர்கள் நாங்கள்.

படகு எங்கும் போய்விடவில்லை. கிழக்கே அடுத்த ஒன்றியத்து ஊர் ஒன்றில், கரையோர முட்புதரில் ஒதுங்கியிருக்கிறது. ஒரு பலகை மட்டும் பெயர்ந்திருக்கிறதாம். அந்த ஊர்க்காரர்கள் நல்லவர்கள், தென்னோலை போட்டு மூடிவைத்திருக்கிறார்கள். ஆனால் தங்கள் கடிதம் இல்லாமல் தரமாட்டோம் என்கிறார்கள். சரிதான், எங்களிடம் யார் படகாவது ஒதுங்கினால் நாங்களும் அதையேதான் சொல்வோம். ஒரு வரி எழுதிக் கொடுத்தால் நாங்களே மாடு கட்டி இழுத்து வந்துவிடுகிறோம்.

புது வடம் ஒன்று வேண்டும். அதற்குக் கஞ்சி காட்டுவதில்லை என்று எங்கள் அம்மன் கோயிலில் சூடம் ஏற்றிச் சத்தியம் செய்திருக்கிறோம். எருமையை ஊருக்கு மேற்கே கட்டியாகிவிட்டது. அது இன்னும் கிழக்கே பார்த்துக் கத்திக்கொண்டிருக்கிறது.

கார்த்திகை முடிய இன்னும் நாள் இருக்கிறது. முகூர்த்தப் புடவைகள் தறியில் இருக்கின்றன. அலமுவுக்கு இது ஒன்பதாவது மாதம், ஆஸ்பத்திரி அக்கரையில். இதற்கு மேல் நான் எழுத வேண்டியதில்லை.

10. கடைசியாக ஒன்று. இந்த மனுவைத் தபாலில் போட வழியில்லை, தபால்காரர் மறுபடி வடகரையில் விசில் அடிக்கத் தொடங்கிவிட்டார். நாங்கள் நேரில் வரவும் முடியவில்லை, ஆழக்காலில் இன்னும் ஆள் மூழ்கும் தண்ணீர். ஆகவே எண்ணெய்த் துணியில் சுற்றி, தலையில் வைத்துக் கட்டி, நீந்தத் தெரிந்த ஒருவரிடம் கொடுத்தனுப்புகிறேன். வேலை போன பிறகும் எங்கள் மருந்தையும் கடிதத்தையும் அப்படித்தான் அவர் கொண்டுவந்து தருகிறார். தங்கள் கோப்புகளும் சென்ற ஆண்டு அந்தத் தலையில்தான் ஆற்றைக் கடந்தன.

இது புது வடம் கேட்டு எழுதிய மனு என்றுதான் அவரிடம் சொல்லியிருக்கிறேன். தன்னைப் பற்றியது என்று தெரிந்தால் கொண்டுவர மாட்டார். தாங்கள் இந்த வரியைப் படிக்கும்போது அவர் தங்கள் எதிரில் ஈரத்தோடு நின்றுகொண்டிருப்பார். தாங்களாகச் சொன்னால் ஒழிய உட்கார மாட்டார். எங்கள் தெருவிலும் நேற்றுவரை அவர் உட்கார்ந்ததில்லை, அப்படிப் பழக்கியவர்கள் நாங்கள். எங்களைத் தோளில் ஏற்றிக் கரை சேர்த்தவரை இனியும் நிற்கவைக்க எங்களுக்கு மனம் வரவில்லை. இங்கே நேற்று என் வீட்டில் உட்காரவைத்துச் சோறு போட்டேன்.

அங்கே தாங்கள் முதலில் அவரை உட்காரச் சொல்லவும். பிறகு, இந்த மனுவில் இருப்பதைத் தங்கள் வாயாலேயே அவருக்குப் படித்துக் காட்டவும். உத்தரவைக் கையில் கொடுத்தால் அவரே எண்ணெய்த் துணியில் சுற்றிக் கொண்டுவந்துவிடுவார். நாங்கள் கரையில் நின்றுகொண்டிருக்கிறோம்.

என்றும் தங்கள் நன்றியை மறவாத,
கு. கங்கையம்மாள்
மற்றும் மணல்மேட்டுப்புதூர் ஊரார்
(கையெழுத்துகளும் கைநாட்டுகளும் பின்பக்கம்)

இடம்: மணல்மேட்டுப்புதூர், தென்கரை
நாள்: 27-11-1972